புது வீட்டுக்கு வந்து மூன்று வாரம், காலை மட்டும் ஏன் இன்னும் பிடிபடவில்லை?

கேள்வி சுருக்கமாக: ஸ்ரீரங்கத்தில் தரைத்தளத் தனி வீட்டில் பதினோரு வருடம் இருந்த குடும்பம். இப்போது சென்னை மேடவாக்கத்தில் ஐந்து மாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். கணவருக்கு கிண்டியில் வேலை, மனைவிக்கு சிறுசேரியில். ஆறாம் வகுப்புப் பையன், எழுபது வயது மாமியார். வந்து மூன்று வாரமாகியும் தினமும் காலையில் ஓட்டம், கத்தல், பையனுக்கு வேன் தவறுகிறது. "அங்கே ஐந்தரைக்கு எழுந்தால் எல்லாம் தானாக நடந்தது. இங்கே ஐந்துக்கே எழுந்தும் முடியவில்லை. எங்கே தப்பு?"

தப்பு நேரத்தில் இல்லை. நாலரைக்கு எழுந்தாலும் இதே ஓட்டம்தான் இருக்கும். அங்கே "தானாக" நடந்ததில் பாதியை நடத்தியது அந்த வீடு. பால்காரர் மணியடித்ததும் எழுந்தீர்கள், அடுப்பிலிருந்து இரண்டு எட்டில் கொல்லை, குழாயைத் திறந்தால் தண்ணீர், பையனின் ஷூ வாசல் படியோரம். எதையும் யோசித்துச் செய்யவில்லை. அந்த இடங்களும் சத்தங்களும் அடுத்த வேலையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தன. இங்கே அவை ஒன்றுமே இல்லாததால் காபி வடிகட்டி எங்கே என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சாயங்காலம் வரும் அந்த அசதிக்கும் காரணம் இதுதான்.

உளவியலில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வெண்டி வுட் குழுவினர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போன மாணவர்களைக் கவனித்து 2005இல் எழுதினார்கள். உடற்பயிற்சி, செய்தித்தாள் படிப்பது போன்ற பழக்கங்கள் புது இடத்தில் சூழல் ஒத்துப்போனவர்களுக்குத் தொடர்ந்தன, சூழல் மாறியவர்களுக்கு அறுந்தன. எனவே பழைய அட்டவணையை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்தப் பார்ப்பதை முதலில் விடுங்கள். மூன்று வாரமாக நீங்கள் செய்துகொண்டிருப்பது அதைத்தான் என்று தோன்றுகிறது.

முதலில் நான்கு நாள் குறிப்பு

திங்கள் முதல் வியாழன் வரை எதையும் மாற்றாமல் ஒரு தாளில் இரண்டு விஷயம் மட்டும் எழுதுங்கள். ஒன்று, உங்கள் கையில் இல்லாத நேரங்கள்: மோட்டார் போடும் நேரம், பால் வரும் நேரம், குப்பை எடுக்க ஆள் வரும் நேரம், வேன் கேட்டுக்கு வரும் நேரம், லிஃப்டுக்கு நிற்க வேண்டிய நேரம், வேலைக்கார அம்மா வரும் நேரம். இரண்டு, யார் எதற்காக எங்கே காத்து நின்றார்கள் என்பது. "6.50, பையன், வெந்நீருக்கு, 12 நிமிடம்" என்கிற மாதிரி எழுதினால் போதும்.

நாலாவது நாள் பார்த்தால் காத்திருப்பு பெரும்பாலும் இரண்டு, மூன்று இடங்களில்தான் குவிந்திருக்கும். அதை மட்டும் சரிசெய்தால் போதும். வார நாளில் எடுத்த குறிப்பாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்து "எல்லாம் சரியாக வருகிறதே" என்று நம்பித்தான் பல பேர் திங்கட்கிழமை மாட்டிக்கொள்கிறார்கள். அன்றைக்குத் தண்ணீர் அழுத்தமும் வேறு, லிஃப்டும் வேறு, மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த சாலையும் வேறு.

தண்ணீர்: பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்

தனி வீட்டில் மோட்டார் சுவிட்ச் உங்கள் கையில் இருந்தது. இங்கே சம்பிலிருந்து மேல்தொட்டிக்கு எப்போது ஏற்றுவது என்பது வாட்ச்மேன் கையில் இருக்கிறது. காலை ஐந்தரைக்கும் மாலை நாலரைக்கும் என்று ஏதாவது ஒரு கணக்கு இருக்கும். அதைக் கேட்டு எழுதி வையுங்கள். லாரித் தண்ணீர் வரும் நாளையும் கேளுங்கள். லாரி இறக்கும்போது சம்பின் அடியில் படிந்த வண்டல் கலங்கும், அன்று குழாயில் கலங்கல் வரலாம். வெள்ளைச் சட்டை, பள்ளிச் சீருடையை அன்றைக்கு மெஷினில் போடாதீர்கள்.

அடுத்தது அழுத்தம். மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் தன் எடையால்தான் இறங்குகிறது. பத்து மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம். ஐந்து மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடி என்றால் உங்கள் ஷவருக்கும் தொட்டிக்கும் நடுவே அதில் பாதி, கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அதே இறக்குக் குழாயில் கீழ்வீட்டுக்காரர்களும் ஏழு மணிக்குத் திறந்தால் உங்களுக்கு நூல் மாதிரிதான் வரும். பிளம்பரைக் கூப்பிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரே பக்கெட்டை காலை ஆறு, ஏழு, எட்டு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் நிரப்பி, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இரவில் இரண்டு நிமிடம், காலை ஏழுக்கு ஐந்து நிமிடம் என்றால் குழாயில் பழுதில்லை, நெரிசல்தான். எல்லா நேரமும் ஐந்து நிமிடம் என்றால் குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றி வினிகரில் அரை மணி ஊறவைத்துக் கழுவுங்கள். போர் தண்ணீரின் உப்பு அடைத்திருக்கும்.

இனி வெந்நீர்க் கணக்கு. இதை யாரும் போடுவதில்லை, ஆனால் உங்கள் காலை நேரத்தைத் தின்பது அநேகமாக இதுதான். வாடகை ஃபிளாட்டுகளில் சாதாரணமாக இருப்பது 15 லிட்டர், 2000 வாட் கீசர். 28 டிகிரித் தண்ணீரை 55 டிகிரிக்கு ஏற்ற அதற்கு 14, 15 நிமிடம் ஆகும். அந்த 15 லிட்டரை குளிக்கும் சூட்டுக்கு, அதாவது 40 டிகிரிக்கு, விளாவினால் கிடைப்பது சுமார் 34 லிட்டர். இரண்டு பக்கெட். அதாவது ஒரு சூட்டில் இரண்டு பேர் குளிக்கலாம், மூன்றாமவர் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான்கு பேரும் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் குளிக்க நினைத்தால் சண்டை வரத்தான் செய்யும். ஷவரில் குளித்தால் ஒரு ஆளுக்கே முழுச் சூடும் போய்விடும்.

எனவே குளியல் வரிசையை வயதையும் அவசரத்தையும் பார்த்து வைக்காமல் கீசரைப் பார்த்து வையுங்கள். இரண்டு பேர், கால் மணி இடைவெளி, இரண்டு பேர். யாராவது ஒருவர் இரவுக் குளியலுக்கு மாறினால் இடைவெளியே தேவையில்லை. வேலை முடிந்து வியர்த்து வரும் கணவருக்கு அது பொருந்தும். உங்கள் வீட்டில் இருப்பது 3 லிட்டர், 3000 வாட் உடனடிக் கீசர் என்றால் கணக்கு மாறும். இரண்டே நிமிடத்தில் சுடும், ஆனால் பக்கெட்டை மெதுவாகத்தான் நிரப்ப முடியும். ஏப்ரல், மே மாதங்களில் இந்தத் தலைவலியே இல்லை. மொட்டை மாடித் தொட்டி விடிகாலையிலும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

துணி துவைக்கும் மெஷின் காலையில் வேண்டாம். மேலே மூடி உள்ள மெஷின் ஒரு தடவைக்கு 100 லிட்டருக்கு மேல் இழுக்கும். நகரத் தண்ணீர் வழங்கலுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் அளவே ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர்தான். இரவு எட்டரைக்குப் போட்டு படுக்கும் முன் உலர்த்திவிட்டால் காலையில் ஒரு வேலை குறைந்தது.

சமையலறை: கை தவறிப் போகும் இடம்தான் பொருளின் இடம்

மூன்று வாரத்தில் நீங்கள் எல்லா டப்பாவையும் அழகாக அடுக்கியிருப்பீர்கள். அதுதான் இடறுகிறது. அழகாக அடுக்கிய அலமாரியில் பொருள் எங்கே என்று கண்தான் தேட வேண்டும், கைக்குத் தெரியாது. ஒரு வாரத்துக்கு இதைச் செய்து பாருங்கள். உப்பு எடுக்கப் போய் கை தவறான கதவைத் திறக்கிறதா? திறந்த கதவில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி "உப்பு" என்று எழுதுங்கள். வாரக் கடைசியில் எங்கெல்லாம் ஸ்டிக்கர் சேர்ந்திருக்கிறதோ, அந்தப் பொருளை அங்கேயே மாற்றி வையுங்கள். கையைத் திருத்துவதைவிட டப்பாவை நகர்த்துவது எளிது.

அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: அஞ்சறைப்பெட்டி, எண்ணெய், உப்பு, இடுக்கி, இரண்டு கரண்டி, லைட்டர். காபிக்கு மட்டும் தனி மூலை கொடுங்கள். ஃபில்டர், தூள், சர்க்கரை, டம்ளர், பால் பாத்திரம் எல்லாம் ஒரே தட்டில் இருந்தால் முதல் எழுந்தவர் யாரானாலும் அடுத்தவரை எழுப்பாமல் காபி போடலாம். டிகாக்‌ஷனை இரவே இறக்கி வைத்தால் காலையில் பத்து நிமிடம் மிச்சம். வெட் கிரைண்டரை பரணில் ஏற்றாதீர்கள். எடை காரணமாக யாரும் இறக்க மாட்டார்கள், மாவு கடையில் வாங்க ஆரம்பித்துவிடுவீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் 16 ஆம்பியர் பெரிய பிளக்கில் மட்டும் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் சுடும், ஒருநாள் உருகும்.

பருப்பு வேகவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனாலும் நடந்துகொண்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். காவிரித் தண்ணீரில் மூன்று விசிலில் குழைந்த துவரம்பருப்பு இங்கே போர் தண்ணீரில் ஆறு விசிலுக்கும் விதை விதையாக நிற்கும். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இன்னும் இறுக்கிவிடுகின்றன. இரவே பருப்பை அளந்து ஊறப்போடுங்கள், காலையில் அரை மணி ஊறினாலும் சரி. வேகவைக்க மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது கேன் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு டம்ளர் பருப்புக்கு இரண்டரை டம்ளர் போதும். ஒரு 20 லிட்டர் கேன் இதற்கும் காபிக்கும் எத்தனையோ நாள் வரும். ஆப்ப சோடா போட்டு வேகவைக்கும் வழி வேண்டாம். வேகும், ஆனால் பருப்பில் இருக்கும் பி1 வைட்டமின் அழியும், ருசியும் வழுவழுப்பாகப் போகும். உப்பும் புளியும் வெந்த பிறகு.

இட்லி மாவும் முதல் மாதம் ஏமாற்றும். மேற்குப் பார்த்த சமையலறை மேடை சாயங்கால வெயிலில் சுட்டுக்கொண்டே இருக்கும். அங்கே வைத்த மாவு ஐந்தாறு மணியிலேயே பொங்கி நள்ளிரவில் வழியும், காலையில் புளித்திருக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். வெயில் காலத்தில் ஆட்டி முடித்ததும் வைத்துவிட்டு, படுக்கும் முன் பொங்க ஆரம்பித்திருந்தால் ஃபிரிட்ஜில் தள்ளிவிடுங்கள்.

கேஸ் இணைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ஊர் மாறினால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டோடு அதற்கான சான்றை வாங்கி, இங்கே புது ஏஜென்சியில் காட்டி இணைப்பு எடுக்க வேண்டும். அது நடக்கும் வரை தெரிந்தவரின் ஒற்றைச் சிலிண்டரில் சமைத்தால், அது தீர்ந்துபோகும் நாள் நிச்சயம் ஒரு வார நாள் காலையாகத்தான் இருக்கும். ரப்பர் டியூபில் பழைய தேதி இருந்தால் கையோடு மாற்றிவிடுங்கள். ஐந்து வருடம்தான் அதன் ஆயுள்.

இரவு இருபது நிமிடம்

காலையைச் சரிசெய்ய காலையில் செய்வதற்கு அதிகம் இல்லை. ஒன்பது மணிக்கு, அல்லது டிவி நிறுத்தும் நேரத்துக்கு, இருபது நிமிடம் ஒதுக்குங்கள். இருவரும் ஒரே நேரத்தில் நின்று செய்ய வேண்டும். ஒருவர் தலையில் விழுந்தால் பத்து நாளில் நின்றுவிடும்.

ஒருவர் சமையலறை: டிகாக்‌ஷன், பருப்பும் அரிசியும் அளந்து வைப்பது, காய் நறுக்கி டப்பாவில் போடுவது, டிஃபன் பாக்ஸ் மூடியோடு மேடையில், தொட்டியில் ஒரு பாத்திரமும் இல்லாமல் கழுவி முடிப்பது. மற்றவர் வாசல்: பையனின் பை, ஷூ, சாக்ஸ், அடையாள அட்டை, வண்டிச் சாவி, ஆபீஸ் அட்டை, ஹெல்மெட், குடை. எல்லாம் கதவிலிருந்து இரண்டு எட்டுக்குள். வாசலில் ஷூ ரேக் வைக்க அசோசியேஷன் விடாது என்றால் கதவுக்கு உட்புறம் ஒரு ஆணிப் பலகையும் ஒரு முக்காலியும் போதும். சாவி மாட்டும் கொக்கி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இடம் இருந்தால் சாவி மூன்றாவது இடத்தில் இருக்கும்.

காலைக்கு மாதிரி ஒன்று. வேன் 7.25க்கு என்று வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணியிருக்கிறேன். உங்கள் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 5.30க்கு முதல் ஆள் எழுந்ததும் கீசர் சுவிட்ச், பிறகு அடுப்பில் பால். 5.45க்குப் பெரியவர் குளியல், அடுத்து மனைவி. இந்த நேரத்தில் குக்கர் ஏறியிருக்கும். 6.15க்குப் பையனை எழுப்புவது. உடனே குளிக்க அனுப்பாமல் பத்து நிமிடம் உட்காரவிடுங்கள். அதற்குள் கீசர் மறுபடி சுட்டுவிடும். 6.30க்குக் குளியல், 6.50க்குச் சாப்பாடு. 7.10க்கு லிஃப்ட், நாலு மாடிதானே என்று படியில் இறங்கினாலும் சரி. கேட்டில் பத்து நிமிடம் முன்னாலேயே நிற்பது வீணென்று தோன்றும். புது வேன் டிரைவர் முதல் மாதம் முன்னே பின்னே வருவார், அந்தப் பத்து நிமிடம்தான் காப்பாற்றும். இரவுக் குளியலுக்கு மாறிய கணவருக்கு இந்தப் பட்டியலில் குளியலறை இடமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அலாரத்தை ஒரே நாளில் அரை மணி முன்னுக்குத் தள்ள வேண்டாம். கால் மணி முன்னால், மூன்று நான்கு நாள் அதிலேயே, பிறகு தேவைப்பட்டால் இன்னொரு கால் மணி. படுக்கும் நேரமும் அதே அளவு முன்னால் வர வேண்டும்.

மாமியார்

கேள்வியில் அவரைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. என் பார்வையில் வீடு மாறியதில் அதிகம் இழந்தவர் அவர்தான். உங்கள் இருவருக்கும் ஆபீஸ் இருக்கிறது, பையனுக்குப் பள்ளியில் புதுக் கூட்டம் கிடைக்கும். அவருக்கு வாசல், கோலம், தெருவில் போகிறவர்களிடம் நாலு வார்த்தை, நடந்து போகிற தூரத்தில் கோயில் என்று நாள் முழுவதும் ஓடியதெல்லாம் ஒரே லாரியில் போய்விட்டது.

முதலில் பாதுகாப்பு. இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுபவரை நடத்துவது பழைய வீட்டின் நினைவுதான். அங்கே கட்டிலின் இடப்புறம் இறங்கி வலப்புறம் திரும்பினால் குளியலறை என்றால், இங்கேயும் கால் அப்படித்தான் திரும்பும். அங்கே சுவரோ அலமாரியோ இருக்கும். முடிந்தால் பழைய வீட்டில் இறங்கிய பக்கமே இறங்கும்படி கட்டிலைப் போடுங்கள், குளியலறையும் அதே திசையில் அமைந்தால் பாதி ஆபத்து போயிற்று. அமையாவிட்டால் கட்டிலிலிருந்து குளியலறை வரை அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கு இரண்டு, முழங்கால் உயரத்துக்குக் கீழே இருக்கும் பிளக்கில். மேலே கண்ணில் அடிக்கும் விளக்கு வேண்டாம். அந்தப் பாதையில் கால்மிதி விரிப்பு, பிரிக்காத அட்டைப்பெட்டி, டேபிள் ஃபேன் வயர் எதுவும் இருக்கக் கூடாது. குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பி, அவர் இடுப்பு உயரத்துக்குக் கிட்ட, துளையிட்டு மாட்டுவதாக. வாடகை வீடு, துளையிட ஓனர் விடமாட்டார் என்று உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கைப்பிடி வாங்காதீர்கள். ஈர டைல்ஸில் அது எடை தாங்காமல் கழன்றுவிடும். ஓனரிடம் கேட்டுப் பாருங்கள், வயதானவருக்கு என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

பூட்டைப் பழக்குங்கள். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அவருக்குப் புதிது. பகலில் கடல் காற்று எழும்போது பால்கனிக் கதவு திறந்திருந்தால் வாசல் கதவு படீரென்று சாத்திக்கொள்ளும். குப்பைக் கூடை வைக்க வெளியே வந்தவர் சாவியும் போனும் இல்லாமல் வெளியே, உள்ளே அடுப்பில் பால். பகல் முழுக்கத் தாழ்ப்பாளை நீட்டிவைத்து கதவு முழுதும் சாத்தாமல் தடுக்கலாம், ஒரு கதவுத் தடுப்பான் வாங்கிப் போடலாம். மாற்றுச் சாவி ஒன்று எதிர்வீட்டில். எதிர்வீட்டுக்காரரை இன்னும் தெரியாது என்றால் சாவி கொடுக்கும் சாக்கில் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு அவருக்கான வேலை. "நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா" என்று எல்லா வேலையையும் பிடுங்கிவிடுவது அன்புதான், ஆனால் அதுவே அவரை டிவி முன்னால் உட்கார வைத்துவிடும். அவருக்கென்று நேரம் குறித்த மூன்று வேலை இருக்கட்டும். காலையில் வாசல் கதவுக்கு முன் சின்னக் கோலம். அரிசி மாவு என்றால் எறும்பு வருகிறது என்று ஹவுஸ்கீப்பிங்கில் முனகுவார்கள், கல் மாவு போதும். மாலை நாலரைக்குப் பையன் வந்ததும் கதவு திறந்து டிஃபன் கொடுப்பது. ஐந்தரைக்குக் கீழே இறங்கி கட்டடத்தைச் சுற்றி நடப்பது. இந்த மூன்றாவதுதான் முக்கியம். அந்த நேரத்தில்தான் மற்ற வீட்டுப் பெரியவர்களும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஒரு வாரம் யாராவது ஒருவர் கூடப் போய் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். வேலை நாளில் முடியாது என்றால் சனி, ஞாயிறிலாவது. மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா, சாப்பாட்டு மேசையிலேயே. பழைய வீட்டில் அது சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது என்றால் இங்கேயும் அங்கேயே.

பையனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பதினோரு வயதில் சீக்கிரம் பொருந்திவிடுவார்கள். படுக்கும் நேரம் ஒன்றை மட்டும் பழைய வீட்டில் இருந்தபடியே பிடித்து வையுங்கள், மற்றவை அதன் பின்னால் வரும். வாசல் முக்காலி அவன் பொறுப்பு என்று கொடுத்துவிட்டு, மறந்தால் ஒருநாள் மறந்தபடியே போகவிடுங்கள்.

தூக்கம், சூடு, கொசு

புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்பது தூக்க ஆய்வாளர்களுக்கு 1960களிலிருந்தே தெரியும். 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில், முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்போடு சத்தத்துக்குக் காதுகொடுத்துக் கிடப்பதைப் பதிவு செய்தார்கள். ஆனால் மூன்று வாரம் கழித்தும் தூக்கமில்லை என்றால் அதன் மேல் பழி போட முடியாது. அறையைப் பாருங்கள். மேற்குச் சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை நடு இரவு வரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரில் ஒட்டியிருந்தால் மாற்றுங்கள். லிஃப்ட் கிணற்றை ஒட்டிய சுவரும் அப்படித்தான், சத்தத்துக்காக.

ஏசி போட்டே தீரவேண்டும் என்றால் கணக்குத் தெரிந்து போடுங்கள். ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் என்று வைத்தால், இரவுக்கு ஏழு மணி நேரம், அறுபது நாளுக்கு 420 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈபி கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் கூடிவிடும். இரண்டு அறையில் இரண்டு ஏசி என்றால் கண்டிப்பாகத் தாண்டும். முதல் மாதம் வாரத்துக்கொரு முறை மீட்டரைப் படம் பிடித்து வையுங்கள்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்தில் இருக்கும் பகுதி. கொசுவுக்குத் தனி நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கே ஜன்னல்களைச் சாத்தி, ஏழரைக்கு மேல் வலை போட்ட ஜன்னலை மட்டும் திறங்கள். வெல்க்ரோ வைத்து ஒட்டும் வலை வாடகை வீட்டுக்குப் போதும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. அது வளர்வது உங்கள் பால்கனியில் பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேயுங்கள்.

எத்தனை நாளாகும்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தார்கள். இருபத்தியொரு நாள் என்று ஊரெல்லாம் சொல்வதை நம்பி, இருபத்திரண்டாவது நாள் மனம் விட்டுப்போகாதீர்கள். நடுவில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான். அதனால் ஒரு திங்கட்கிழமை எல்லாம் சொதப்பினாலும் அட்டவணையைக் கிழித்துப்போட வேண்டியதில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுங்கள். இந்த வாரம் குளியல் வரிசை, அடுத்த வாரம் இரவு இருபது நிமிடம், அதற்கடுத்து சமையலறை ஸ்டிக்கர். ஜிம், யோகா, சர்க்கரையில்லாக் காபி எல்லாவற்றையும் "புது வீடு, புது ஆரம்பம்" என்று இதே வாரத்தில் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே விடுவார்கள். ஆனால் ரொம்பவும் தள்ளிப் போடவும் கூடாது. உளவியலாளர் பாஸ் வெர்ப்லாங்கன் குழு இங்கிலாந்தில் 800 பேரிடம் செய்த ஆய்வில், வீடு மாறி மூன்று மாதத்துக்குள் இருப்பவர்களிடம்தான் பழக்க மாற்றம் எளிதாகப் பிடித்தது. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. நடைப் பயிற்சி மாதிரி ஏதாவது ஒன்று சேர்க்க நினைத்தால், காலை ஓட்டம் அடங்கியதும், ஆறாவது ஏழாவது வாரம் சரியான நேரம். அதையும் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றின் வாலில் கட்டுங்கள். பையனை வேன் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது இருபது நிமிடம், அதே செருப்போடு. மேலே ஏறி வந்து ஷூ மாட்டி மறுபடி இறங்கலாம் என்று வைத்தால் நடக்காது.

பிரிக்காத பெட்டிகளை ஓர் அறையில் குவித்து அன்றைய தேதியை மேலே எழுதி வையுங்கள். இரண்டு மாதம் வரை தேடாத பெட்டி தினசரிக்குத் தேவையில்லாதது, அது பரணுக்கு. சேமிப்பு டப்பா, ரேக், ஆர்கனைசர் எதையும் அதுவரை வாங்காதீர்கள். எங்கே என்ன வேண்டும் என்று இன்னும் தெரியாத நேரத்தில் வாங்கியது எல்லாமே அளவு தப்பும்.

கடைசியாக, இப்போது போடும் ஒழுங்கு அக்டோபர் நடுவில் ஒருமுறை கலையும். வடகிழக்குப் பருவமழையில் இரவு உலர்த்திய துணி காலையில் காயாது, நடைக்கு இறங்க முடியாது, வேன் வரும் நேரமும் தள்ளிப்போகும். செப்டம்பரிலேயே பால்கனி உத்தரத்தில் கயிறிழுத்து ஏற்றும் துணிக் கம்பிகள் மாட்டி, பையனுக்கு இன்னொரு ஜோடிச் சீருடையும் எடுத்து வைத்துவிடுங்கள்.